பிளக்கைப் பிடுங்கும் உரிமை

ஸ்டமாட்டிஸ் கொண்டீலிஸ் ஊருக்கு வருகிறான் என்ற செய்தி எனக்கு மின்னஞ்சலில் வந்தது. அவனை வரவேற்கச் சொல்லி அல்ல. அவன் கொண்டுவரும் கம்ப்யூட்டருக்கு மேஜை போட்டு, வயர் இழுத்து, புரொஜெக்டரைச் சரிபார்த்து வைக்கச் சொல்லி. அனுப்பியவர் பேராசிரியர் லெக்காஸ், எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். ‘எல்லாம் கச்சிதமாக இருக்கட்டும் அர்கிரோ’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்தது. ஒன்பது வருஷமாக நான் கறுவிக்கொண்டிருந்த ஆள், தானாக நடந்து என் கைக்கு எட்டும் தூரத்துக்கு வருகிறான்.

நான் அர்கிரோ மவ்ரேலி. மெசொலொங்கியில், உப்பளங்களுக்கும் காயலுக்கும் நடுவே நிற்கிற ஐடோலியா பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். யாருடைய மடிக்கணினி நின்றாலும், எந்த அறையில் திரை இறங்க மறுத்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ‘அர்கிரோ, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்.’ வந்துவிட்டுப் போவேன்.

எங்கள் ஊரில் கரண்ட் போவது ஒரு பெரிய விஷயமே இல்லை. உப்புக்காற்று கம்பத்துப் பீங்கான்களில் படிந்து கிடக்கும். காயலிலிருந்து ஈரம் ஏறினால் போதும், டப்பென்று ஒரு சத்தம், பாதி ஊர் அணைந்துவிடும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது தலைவலி. எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு இதுதான் பிழைப்பு. கம்ப்யூட்டர் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எழுதியது பாதி எழுதாதது பாதி என்று எல்லாம் கூழாகிவிடும். ஆகாமல் காப்பாற்றும் புரோகிராம்களை எழுதுவது எங்கள் வேலை. ஐரோப்பாவில் எங்களைவிட நன்றாக இதைத் தெரிந்தவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க எங்களுக்கு மின்வாரியம் வழியே வைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தின் கதவில் இருபது வருஷமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. லெக்காஸ் கையெழுத்தில் ஐந்து விதிகள். அதில் நாலாவது இது: ‘உன் புரோகிராமைச் சோதிக்க, பிளக்கைச் சுவரிலிருந்து கையால் பிடுங்க வேண்டும். உன்மேல் அதிகக் கோபத்தில் இருப்பவர்தான் பிடுங்க வேண்டும்.’

விளையாட்டாகத் தோன்றும். விளையாட்டே இல்லை. எழுதியவன் கை தன் பிள்ளைக்கு இரக்கம் காட்டும். டிஸ்க் ஓய்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து மெல்லப் பிடுங்கும். கோபக்காரன் அப்படியா செய்வான்? நல்ல நெரிசலில், கழுத்து வரைக்கும் வேலை இருக்கும்போது பார்த்து உருவுவான். நாங்கள் படித்த காலத்தில் காலையில் வந்ததுமே ஒருத்தன் கத்துவான், “என் மேல யாருக்குப்பா கோபம்? சோதனை இருக்கு.” உடனே மூலையிலிருந்து குரல் வரும், “எனக்குடா! நேத்து என் சீஸ் அடையைத் தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டுப் போனவன் நீதானே? வரேன் இரு.” அப்படித்தான் எங்கள் நட்பெல்லாம் வளர்ந்தது.

ஒரே ஒருத்தன் மட்டும் கடைசி வரை பிளக்கைத் தொடவில்லை. ஸ்டமாட்டிஸ். யார் கூப்பிட்டாலும் நழுவுவான்.

“மெஷின் பாழாயிடும் அர்கிரோ. கீபோர்டுலேர்ந்து நிறுத்தினாலும் ஒண்ணுதானே?”

“ஒண்ணு இல்லடா மடையா. கீபோர்டுல நிறுத்தினா டிஸ்க் மூச்சு விட்டுக்கிட்டு, கையில இருக்கிறதை எழுதி முடிச்சிட்டுப் படுக்கும். பிடுங்கினா நடு வாக்கியத்துல செத்துப்போகும். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?”

“எனக்குப் பயமா இருக்கு, விடேன்” என்று சிரிப்பான். அழகாகச் சிரிப்பான். மேடையில் நின்றால் கேட்கிறவர்களைக் கட்டிப்போடுவான். நான் எழுதுவேன், அவன் பேசுவான். அப்படித்தான் எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் நாலு வருஷம் எழுதிய புரோகிராமின் பெயர் அல்மீரா. எங்கள் மொழியில் உப்புக்கரிப்பு என்று அர்த்தம். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று தடவை அதன் பிளக்கைப் பிடுங்கினோம். ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் உடைந்தது என்று பார்த்துத் திருத்தினேன். கடைசி இருநூறில் ஒரு எழுத்துக்கூடத் தொலையவில்லை. அதுதான் என் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. அதை எழுதி முடித்த வாரம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான் நாலு மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன்.

திரும்பி வந்தபோது கட்டுரை வெளியாகியிருந்தது. ஸ்டமாட்டிஸ் பெயர் முதலில், லெக்காஸ் பெயர் அடுத்து. என் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் கிடைத்தது: ‘கம்பிகளை இணைத்து உதவிய செல்வி மவ்ரேலிக்கு நன்றி.’

கம்பிகள்! நாலு வருஷம், பதினேழாயிரம் வரிகள். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் செரிக்கவில்லை.

லெக்காஸிடம் போய் நின்றேன். “நீ இல்லாதப்போ அவசரத்துல நடந்துடுச்சும்மா” என்றார். “அவன் எழுதிக்கிட்டு வந்தான், நான் கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே கிளறினா ஆய்வுக்கூடத்தோட மானம் போயிடும்.” என் பட்டத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். வெளியான முடிவையே மறுபடி ஆய்வேடாகக் கொடுக்க முடியாது என்றார். அதற்குப் பதிலாக டெக்னீஷியன் வேலை வாங்கித் தந்தார். அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சேர்ந்தேன். ஸ்டமாட்டிஸ் அல்மீராவைத் தூக்கிக்கொண்டு வடக்கே போய், கெராவ்னோஸ் என்ற கம்பெனியில் பெரிய ஆளானான்.

இந்த அக்டோபரில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. முடிக்காமல் கிடக்கும் முனைவர் பட்டப் பதிவுகளை மாதக் கடைசியில் நீக்கப்போவதாகத் துறையில் பட்டியல் ஒட்டினார்கள். ஏழாவது பெயர் என்னுடையது. அல்மீராவை எழுதியது நான்தான் என்று அந்தக் கட்டுரைக்காரர்கள் வாயால் சொன்னால் ஒழிய, என் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது. அதே மாதம், ஐரோப்பா முழுக்கப் பல்கலைக்கழகங்களையும் கம்பெனிகளையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியைப் பலப்படுத்துகிற பெரிய திட்டத்தில், எங்கள் ஆய்வுக்கூடமும் கெராவ்னோஸும் ஜோடியாக விண்ணப்பித்திருந்தன. மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து பார்த்துத் தலையசைத்தால் பன்னிரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு இடம் கிடைக்கும். காட்டப்போகும் சரக்கு எது? என் அல்மீராதான். வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். அந்தப் பெயரை நான் வாயால் சொல்ல மாட்டேன்.

லெக்காஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“அர்கிரோ, உனக்கு மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“என்ன இருக்கு சார்?”

“கிண்டல் பண்ணாதே. பன்னிரண்டு பிள்ளைங்க வாழ்க்கைம்மா. ஃபொத்தினி மாதிரிப் பொண்ணுங்க இந்த இடம் கிடைக்கலேன்னா ஜெர்மனிக்கு மூட்டை கட்டிடுவாங்க. நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

“ஒரு வார்த்தை பேச மாட்டேன் சார்” என்றேன். “கம்பிகளை மட்டும் இணைக்கிறேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் சொன்ன வார்த்தையைக் கடைசி வரை காப்பாற்றினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானாக வாயைத் திறந்து யாரையும் குற்றம் சாட்டவில்லை.

நான் என்ன நம்பிக்கையில் இருந்தேன் என்று கேட்பீர்கள். கரண்ட் போய்த் திரும்பி அல்மீரா எழுந்ததும், முதலில் டிஸ்க்கின் மூலையில் ஒரு அடையாளத்தைத் தேடும். அது இருந்தால்தான் மீதி எல்லாவற்றையும் நம்பும். இப்படி அடையாளம் வைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. பிறந்தநாளை, பூனையின் பெயரை எண்களாக மாற்றி வைப்பார்கள். நான் கடைசி வாரத்தில், ஒரு குறும்பில், ஒரு முழு வாக்கியத்தையே எண்களாக மாற்றி வைத்தேன். எழுந்ததும் அதை எழுத்தாக்கித் திரையில் காட்டும். கூடவே, அந்த டிஸ்க் பிறந்த நாளிலிருந்து எத்தனை தடவை பிளக் பிடுங்கப்பட்டது என்ற எண்ணிக்கையும் வரும். கீபோர்டிலிருந்து மரியாதையாக நிறுத்தினால் எதுவும் வராது.

ஸ்டமாட்டிஸ் புரோகிராம் முழுக்க என் பெயரைத் தேடி அழித்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இடத்தில் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். எதற்கென்று தெரியாத எண்களைத் தொட எங்கள் தொழிலில் யாருக்கும் தைரியம் வராது. தொட்டால் எது எங்கே இடிந்து விழும் என்று தெரியாது. அவன் ஒரே ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கியிருந்தால் போதும், குட்டு அன்றைக்கே அவனுக்குத் தெரிந்து, நீக்கியிருப்பான். அவன் பிடுங்கியிருப்பானா மாட்டானா? என் வாழ்க்கை அந்தக் கேள்வியில் தொங்கியது. நாலு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். மாட்டான் என்று பந்தயம் கட்டினேன்.

அவன் பேச்சுகளின் பதிவுகள் பதினாலையும் வரிசையாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கூத்து. “எங்கள் பழைய கூடத்தில் நான் ஒரு விதி வைத்திருந்தேன்” என்று ஆரம்பிப்பான். விதி லெக்காஸுடையது. அதைக்கூட விட்டு வைக்கவில்லை. “உன் எதிரிதான் உன் கரண்டை நிறுத்த வேண்டும்!” கூட்டம் சிரிக்கும். உடனே அவனுடைய உதவியாளன் நீல்ஸ் கோபக்காரன் மாதிரி நடித்துக்கொண்டு வந்து, கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்துவான். திரை அணையும், திரும்பும். கைதட்டல். பிளக்கை ஒருத்தரும் தொட்டதே இல்லை.

மதிப்பீட்டாளர்களுக்கான கோப்புகளைத் தயார் செய்வது யார் வேலை? என் வேலை. நிகழ்ச்சி நிரல், ஊர் வரைபடம், மதிய உணவுச் சீட்டு. அவற்றோடு ‘ஆய்வுக்கூடத்தின் விதிகள்’ என்று கதவுத் தாளின் அழகான நகல் ஒன்றையும் ஆங்கிலத்தில் வைத்தேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

அன்று காலை எட்டரைக்கு ஸ்டமாட்டிஸ் வந்தான். நல்ல கோட்டு, நரைக்க ஆரம்பித்த தாடி. கையில் எங்கள் ஊர்க் குளிர்காபி. என்னைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு வந்தான்.

“அர்கிரோ! நீ இன்னும் இங்கேயேவா இருக்கே?”

“எங்க போகச் சொல்றே? கம்பியெல்லாம் இங்கேதானே கிடக்கு.”

அவனுக்கு உறைக்கவில்லை. அல்லது உறைக்காத மாதிரி நடித்தான். கம்ப்யூட்டரை மேஜையில் வைத்தார்கள். அதன் பக்கவாட்டில் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர்: ‘10,000 மின்தடைகள். இழப்பு பூஜ்யம்.’

“இதே மெஷின்லயா பத்தாயிரமும் பண்ணினே?” என்றேன் அப்பாவியாக.

“இதே மெஷின், இதே டிஸ்க். கம்பெனியில இதைக் கிழவின்னு கூப்பிடுவோம்.” கிழவியைத் தட்டிக் கொடுத்தான். “சரி, யு.பி.எஸ்ல போட்டுடு. உங்க ஊர் கரண்டை நம்ப முடியாது.”

“கரண்ட் போனாலும் ஒண்ணும் ஆகாதுங்கிற சாமானுக்கு எதுக்குடா பேட்டரி?”

நீல்ஸ் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். ஸ்டமாட்டிஸ் சிரிக்கவில்லை. “சும்மா ஒரு பாதுகாப்புக்கு” என்றான்.

“யு.பி.எஸ் இங்கே இல்லப்பா. சுவத்துலதான் சொருகணும்.” யு.பி.எஸ் என் அலமாரியில், பூட்டுக்குள், சௌக்கியமாக இருந்தது.

பதினோரு மணிக்கு அறை நிரம்பியது. மதிப்பீட்டாளர்கள் மூவர். நடுவில் உட்கார்ந்த அம்மாள் டாரிங்கா, ஸ்லோவேனியாக்காரர், குழுத் தலைவர். குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. எங்கள் ஊர் மீன்முட்டைக் கருவாட்டை ரொட்டியில் வைத்துக் கொடுத்ததை, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. பின் வரிசையில் மாணவர்கள். அவர்களுக்கும் பின்னால், புரொஜெக்டர் வயர் பக்கத்தில், நான்.

ஸ்டமாட்டிஸ் பேசினான். நன்றாகத்தான் பேசினான், பாவி. என் வரைபடங்களை என் வார்த்தைகளிலேயே விளக்கினான். பத்தாயிரம் மின்தடைகளைச் சொன்னான், கிழவியைக் காட்டினான், இதே டிஸ்க் என்றான். டிஸ்க்கில் எழுதப்படும் பதிவுகள் திரையில் ஓட ஆரம்பித்தன, நொடிக்கு ஆயிரக்கணக்கில். பிறகு அந்தக் கூத்துக்கு வந்தான். “இந்த ஊர்க் கூடத்தில் நான் ஒரு விதி வைத்திருந்தேன். உன் எதிரிதான்...” நீல்ஸ் எழுந்து சட்டைக் கையை மடித்தான்.

“ஒரு நிமிஷம்” என்றார் டாரிங்கா. கோப்பிலிருந்து தாளை எடுத்தார். “நாலாம் விதி இங்கே இருக்கு. இது பேராசிரியர் லெக்காஸ் விதின்னு போட்டிருக்கு. சரி, போகட்டும். சுவத்துலேர்ந்து, கையால்னு எழுதியிருக்கே. இந்தத் தம்பி கீபோர்டுக்குப் போறாரே?”

“அது... ரெண்டும் ஒண்ணுதான் மேடம்.”

“ஒண்ணா?” கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “இவர் உங்க ஆளு வேற. கோபக்காரர்தான் பிடுங்கணுமாமே. இந்த அறையில உங்க மேல யாருக்கு அதிகக் கோபம்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டமாட்டிஸும் சிரித்தான். “எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் இல்லையே!”

நான் எழுந்து நின்றேன். கேட்டதற்குத்தான் எழுந்தேன்.

“அர்கிரோ, உட்காரும்மா” என்றார் லெக்காஸ், எங்கள் மொழியில், பல்லுக்கிடையில்.

“விதி உங்களோடது சார்.”

“இவங்க யாரு?” என்றார் டாரிங்கா.

“எங்க டெக்னீஷியன்” என்றார் லெக்காஸ்.

“ரொம்பக் கோபமோ?” என்று டாரிங்கா என்னையே கேட்டார்.

“ஒன்பது வருஷக் கோபம் மேடம்.”

அறையில் சிரிப்பு நின்றது. டாரிங்கா தன் பேனாவை மூடி வைத்தார். “அப்போ நீங்கதான் சரியான ஆள். போங்க.”

நான் சுவர்ப் பக்கம் போய் மண்டியிட்டேன். அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது, மறைக்க மாட்டேன். அவனுடைய ஆட்கள் உள்ளே எதையாவது கிளறி வைத்திருந்தால்? எழாவிட்டால் அவன் மூக்கு உடையும், சரி. ஆனால் கூழாகிப் போவது என் அல்மீரா. பத்தாயிரம் பொய் என்று அம்பலமாகும், ஆனால் என் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றும் சேர்ந்து குப்பைக்குப் போகும். எழுந்து, வாக்கியம் வராவிட்டால் அதைவிட மோசம். என் கையாலேயே அவனுக்கு மாலை போட்டது போல் ஆகிவிடும். பின் வரிசையில் ஃபொத்தினி வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இடம் போகலாம். அது தெரிந்துதான் நான் அங்கே மண்டியிட்டிருந்தேன்.

டிஸ்க்கின் விளக்கைப் பார்த்தேன். ஸ்டமாட்டிஸ் நெருங்கி வந்தான். “மெதுவா... சொல்றேன், அப்போ பண்ணு” என்றான்.

“நீ சொல்லக் கூடாதுடா. அதுதான் விதி.”

விளக்கு அணையாமல் எரிந்தது. நல்ல நெரிசல். உருவினேன்.

கிழவிக்குள் காற்றாடியின் சத்தம் இறங்கி ஓய்ந்தது. திரை நீலமானது. நான் பத்து எண்ணிவிட்டுத் திரும்பச் சொருகினேன். கிழவி எழ இரண்டு நிமிஷம் ஆகும். சுவர்த் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின, நின்றன. பிறகு, லத்தீன் எழுத்தில் எழுதிய எங்கள் மொழியில், ஒரு வரி வந்தது.

மாணவர்கள்தான் முதலில் படித்தார்கள். ஒருத்தன் “ஐயோ!” என்றான். அடுத்த நொடி பின்வரிசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஸ்டமாட்டிஸ் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் டாரிங்கா. ஸ்டமாட்டிஸ் கிழவியின் பக்கம் திரும்பிக்கொண்டான். “பேராசிரியரே, நீங்க படிங்க.”

லெக்காஸ் எழுந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், இப்போது எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு சொல்லாகப் படித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

“‘ஸ்டமாட்டிஸ், இதை நீ படிக்கவே மாட்டே. பிளக்கைப் பிடுங்குற தைரியம் உனக்கு இந்த ஜென்மத்துல வராது. இப்படிக்கு, அல்மீராவை எழுதின அர்கிரோ.’” தொண்டையைச் செருமினார். “கீழே, ‘இந்த டிஸ்க்கில் பிளக் பிடுங்கப்பட்டது: ஒன்று.’”

“ஒண்ணா?” என்றார் டாரிங்கா.

“ஒன்று.”

அவர் எழுந்துபோய்ச் சிவப்பு ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். “இங்கே பத்தாயிரம்னு இருக்கே?”

“அது பாவனை முறையில மேடம்... கணக்குப் போட்டு... அந்த எண்ணிக்கை புது டிஸ்க்குன்னா...”

“இதே டிஸ்க்னு கால் மணி நேரத்துக்கு முன்னாடி நீங்கதானே சொன்னீங்க?” அவர் குரல் உயரவே இல்லை. மற்ற இரண்டு மதிப்பீட்டாளர்களும் பதிவுகளைச் சரிபார்த்தார்கள். கரண்ட் போன கணம் வரை ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒருவர் தனக்குள் “அபாரம்” என்றார். அதை நான் கேட்டேன். ஒன்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி என் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அது. அழுகை முட்டியது. அழவில்லை, அன்றைக்கு அழ எனக்கு நேரமில்லை.

“புரோகிராம் நிஜம்” என்றார் டாரிங்கா. “எழுதினது யாருன்னு இன்னும் யாரும் எனக்குச் சொல்லலை. எங்க முறைப்படி மூணு தடவை பார்க்கணும். இன்னும் ரெண்டு, அர்கிரோ.”

இரண்டாவதைப் பிடுங்கினேன். ‘ஸ்டமாட்டிஸ், இதை நீ படிக்கவே மாட்டே.’ எண்ணிக்கை இரண்டு. மூன்றாவது. மாணவர்கள் இப்போது சேர்ந்தே வாசித்தார்கள், “இந்த ஜென்மத்துல வராது!” என்று. ஸ்டமாட்டிஸ் என் பக்கத்தில் வந்து குந்தினான், வயரைச் சரிசெய்கிறவன் மாதிரி.

“அர்கிரோ, போதும். வெளியே வா, காபி சாப்பிட்டுப் பேசிக்கலாம். உன் பேரைப் போட்டுடறேன். முதல்லயே போட்டுடறேன், சரியா?”

“எங்கே போடுவே?”

“எங்கே வேணும்னாலும். ஏன் இப்படிப் பண்றே? நாம எப்படி இருந்தோம்...”

“சத்தமாச் சொல்லு.”

“இப்போவா? இத்தனை பேர் முன்னாடியா?”

நான் நாலாவதைப் பிடுங்கினேன். எண்ணிக்கை ஏறியது. ஐந்தாவதற்கு டாரிங்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை. ஆறாவதில், அந்த வரி சுவரில் ஏறி நின்றபோது, ஸ்டமாட்டிஸ் எழுந்தான். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

“அர்கிரோ எழுதினது” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. “முழுக்க அவதான் எழுதினா. நான் ஒரு வரிகூட எழுதலை.”

நீல்ஸ் தன் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டான். லெக்காஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “எனக்கும் தெரியும்” என்றார் டாரிங்காவிடம். “அப்பவே தெரியும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உன் பதிவை... நாளைக்குத் துறையில போய் நானே...”

“மாசம் முடிய ஆறு நாள்தான் இருக்கு சார். இன்னைக்கே. நீங்க ரெண்டு பேருமே கையெழுத்துப் போடறீங்க. இந்தத் தடவை படிச்சிட்டுப் போடுங்க.”

டாரிங்கா கோப்பை மூடினார். கெராவ்னோஸின் வார்த்தையை இனி அவர்கள் நம்பப்போவதில்லை என்றும், பன்னிரண்டு இடங்களைப் பற்றி இன்றைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஃபொத்தினி தலையைக் குனிந்துகொண்டாள். அது எனக்குச் சுருக்கென்றது. அவளைப் போல் ஒருத்தியாக நானும் இந்த அறையில் உட்கார்ந்திருந்தவள்தான். ஆனாலும் பிளக்கிலிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை.

“முடிஞ்சுதே அர்கிரோ, எழுந்திரு” என்றான் ஸ்டமாட்டிஸ். கிட்டத்தட்டக் கெஞ்சினான்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்தபோது சுவரில் எண்ணிக்கை ஒன்பதில் நின்றது. மதிப்பீட்டாளர்கள் கேட்டது மூன்று. அவன் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க இன்னும் மூன்று தேவைப்பட்டது. கடைசி மூன்றையும் நான் எனக்காகப் பிடுங்கினேன்.